கழுதை ஏறியவர் மனு தள்ளுபடி

உலகத்துக்கே தேர்தலைக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்தான் என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். 2020 டிசம்பரில் டெல்லியில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே, சோழர் காலத் தேர்தல் விதிகளைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துப் பேசினார். பெருமைதான், யார் இல்லையென்றது? ஆனால் அந்தக் கல்வெட்டில் பெருமையைவிட வயிற்றெரிச்சல்தான் அதிகம். விதி எழுதுகிறவன் சும்மா விட்டத்தைப் பார்த்து யோசித்து எழுதுவதில்லை. எவனோ ஒருத்தன் ஒரு காரியம் செய்துவிட்டுப் போயிருப்பான். ஊர் கூடித் தலையில் அடித்துக்கொண்டு, இனி எவனும் இதைச் செய்யக் கூடாது என்று கல்லில் வெட்டி வைக்கும். ஆகவே வேட்பாளர் தகுதி விதிகளைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். 'கணக்குக் காட்டாதவர் நிற்கக் கூடாது' என்று இருந்தால், காட்டாமல் ஒருவர் ஏப்பம் விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

இப்படிப் படிப்பதற்கு நமக்கு ஒரு ஆள் தேவை. சிவகிரிக்காரர் ஒருவரைக் கற்பனையாகப் பிடித்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், அண்ணாச்சி போதும். மேற்கு மலை அடிவாரத்தில் கொஞ்சம் தென்னை, கொஞ்சம் எலுமிச்சை. எலுமிச்சையைப் புளியங்குடிக் கமிஷன் கடையில் போட்டுவிட்டு வருவார். தோப்புக்குள் யானை வந்தால் வனத்துறைக்கும், வாறுகால் அடைத்தால் பேரூராட்சிக்கும் மனு எழுதிப் பழகியவர். அடுத்தவனிடம் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், இனி வேட்புமனுவே போட்டுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு 1,200 வருடம் பின்னால் போவோம்.

முதல் மனு உத்திரமேரூரில் இல்லை. அதற்கு நூறு வருடத்துக்கு முந்தியே, நம்ம ஊர்ப் பக்கத்திலேயே சபை ஒன்று விதி எழுதி வைத்திருக்கிறது. சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் மானூரைத் தாண்டித்தான் போக வேண்டும். பெரும்பாலோர் அங்கே தூங்கிக்கொண்டிருப்பார்கள். அந்த மானூர்ச் சிவன் கோயிலில் பாண்டியன் மாறஞ்சடையனின் 35ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது; கி.பி. 800 வாக்கில் வெட்டியது. ஊருக்கு அப்போது மானநிலைநல்லூர் என்று பெயர். மகாசபை கூடி, யார் சபையில் உட்காரலாம் என்று தீர்மானம் போட்டிருக்கிறது.

அண்ணாச்சி இரண்டு நாள் நடந்து மானூர் போய்ச் சேர்ந்தார் என்று வையுங்கள். கணக்கர் ஏற இறங்கப் பார்ப்பார்.

"யாருவே நீரு?"

"சிவகிரிப் பக்கம். மெம்பருக்கு நிக்கலாம்னு வந்தேன்."

"ஊருல பங்கு இருக்கா?"

"தோப்பு இருக்கு. கால் பங்கு மாதிரி வரும்."

"கால், அரை, முக்காலெல்லாம் இங்க செல்லாது. முழுசா இருக்கணும். வேதம் படிச்சிருக்கீரா?"

"எட்டாங்கிளாஸ்."

கதை அதோடு முடிந்தது. மானூர்ச் சபையின் விதிப்படி நிலத்தை விலைக்கு வாங்கினாலும், தானமாகப் பெற்றாலும், சீதனமாக வந்தாலும் முழுப் பங்கும் உரிய கல்வியும் நல்லொழுக்கமும் இருந்தால்தான் சபையில் இடம். சீதனத்தை ஏன் தனியாகச் சொன்னார்கள் என்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. எந்த மாப்பிள்ளையோ மாமனார் கொடுத்த வயலைக் காட்டி, வந்த முதல் நாளே முன்வரிசையில் சம்மணம் போட்டிருக்க வேண்டும்.

ஆனால் மானூர்க் கல்வெட்டின் மணிமகுடம் வேறு ஒரு விதி. சபையில் எந்தக் காரியம் வந்தாலும் 'அன்று, அன்று' என்று மறுத்துக்கொண்டே இருக்கிறவருக்கும், அவருக்குப் பின்பாட்டுப் பாடுகிறவர்களுக்கும் ஆளுக்கு 5 காசு அபராதம். ஏரி வெட்டலாமா? அன்று. கோயிலுக்கு விளக்குப் போடலாமா? அன்று. சரி, விளக்கே வேண்டாமா? அதுவும் அன்று. இந்த மனிதரை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடு, கோயில் கொடை, சங்கக் கூட்டம் எல்லாவற்றிலும் பின்வரிசையில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு 1,200 வயது என்பதுதான் தெரியாமல் இருந்தது. அவருடைய பெயரைக் கல்வெட்டு சொல்லவில்லை. பெயரைப் போட்டால் அதற்கும் மறுப்புச் சொல்லுவார் என்று விட்டிருப்பார்கள்.

மானூரில் கதவடைத்த பிறகு, அண்ணாச்சி வடக்கே உத்திரமேரூருக்குப் போகிறார். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு. ஒன்று 919, மற்றது 921. கவனியுங்கள், இரண்டே வருடம். ராஜாவின் அதிகாரி முன்னால் உட்கார்ந்து எழுதிய முதல் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடிக்க ஊர்க்காரர்களுக்கு 24 மாதம் போதுமாயிருந்திருக்கிறது. இரண்டாவது அதிகாரி வந்து ஓட்டையை அடைத்திருக்கிறார். தேர்தல் சட்டத் திருத்தம் என்ற பரம்பரைத் தொழில் அங்கே ஆரம்பம்.

921 விதிகள் இவை. வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல். சொந்த மனையில் கட்டிய வீடு. வேதப் படிப்பு; ஒரு வேதத்தோடு ஒரு பாடியமும், அதாவது உரைநூலும், ஓத வல்லவராயிருந்தால் நிலம் அரைக்கால் வேலி போதும் என்று படித்தவர்களுக்குத் தள்ளுபடி. சுத்தமான வழியில் வந்த பணம். கடந்த 3 வருடத்தில் வாரியத்தில், அதாவது ஊர்க் காரியம் பார்க்கும் குழுவில், இருந்திருக்கக் கூடாது. இந்தக் கடைசி விதியை மட்டும் இன்றைக்கு அமல்படுத்தினால் தமிழ்நாட்டில் பாதிக் கட்சி அலுவலகங்களில் கட்டில் போட்டுப் படுத்துவிடுவார்கள்.

பிறகு வருகிறது கணக்கு விவகாரம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமா? சித்தி மகன், பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன், உடன்பிறந்தாள் புருஷன், அப்பா, மகன் என்று கல்வெட்டு சொந்தங்களை வரிசையாகக் கூப்பிடுகிறது. வாசித்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கும். இதையும் தலைகீழாகப் படியுங்கள். கணக்குக் காட்டாத மகராசன் ஒருவர் தன்னை நீக்கியதும் மச்சானை நிறுத்தியிருக்கிறார். மச்சானை நீக்கியதும் மருமகன். ஊர் களைத்துப்போய், 'போங்கடா, உங்க வம்சமே வேண்டாம்' என்று உளியை எடுத்திருக்கிறது.

அப்புறம் கழுதை. கழுதை ஏறியவர் நிற்கக் கூடாது. தப்புச் செய்தவனைக் கழுதைமேல் ஏற்றி ஊர் சுற்ற விடுவது அக்காலத் தண்டனை. அப்படி ஊர்வலம் போனவரும் மறு வருடம் வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வாரியத்துக்கு வந்து நின்றிருந்தால்தான் இப்படி ஒரு விதிக்குத் தேவை வரும். ஊர் முழுக்கத் தன்னைப் பார்த்துவிட்டதே என்று மற்றவன் கூசிப்போவான். இவரோ ஊர் முழுக்கத் தன் முகம் தெரிந்துவிட்டதே என்று கணக்குப் போட்டிருப்பார். இலவச விளம்பரம். கள்ளக் கையெழுத்துப் போட்டவருக்கும் தடை. அடுத்தவர் பொருளை அபகரித்தவருக்கும், முன்பின் பாராமல் துடுக்காகப் பாய்கிற சாகசக்காரருக்கும் தடை. ஊரில் மிச்சம் யார் இருந்தார்கள் என்றே சந்தேகம் வருகிறது.

மிச்சம் இருந்தவர்களிலும் ஊர் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. இதைத்தான் மேடைகளில் மெல்ல விழுங்கிவிடுகிறார்கள். உத்திரமேரூரில் 30 குடும்பு, அதாவது 30 வார்டு. வார்டுக்குத் தகுதியானவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் வந்திருக்க வேண்டும். பெரியவர் ஒருவர் குடத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டுவார். ஒன்றும் அறியாத சின்னப் பையன் கையை விட்டு ஒன்றை எடுப்பான். அதை வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஒரு ஓலை. மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். அவன் வாசித்த பிறகு நம்பிமார் எல்லாரும் ஒருமுறை வாசிக்க வேண்டும்.

ஐந்து விரலையும் விரி என்பதைக் கல்லில் வெட்ட நேர்ந்ததென்றால் என்ன நடந்திருக்கும்? சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவே ஒரு ஓலையை முன்கூட்டியே செருகிக்கொண்டு வந்த மத்தியஸ்தன் ஒருவன் இருந்திருக்கிறான். அவனைத்தான் நம்முடைய தேர்தல் தில்லுமுல்லுக் கலையின் ஆதிகுரு என்று சொல்ல வேண்டும். அவன் காலத்தில் மின்னணு இயந்திரம் இல்லாதது அவன் துரதிருஷ்டம்.

சோழர்கள் வேட்பாளரை நம்பவில்லை, வாக்காளரைக் கேட்கவே இல்லை, எண்ணுகிறவர் விரலைக்கூட நம்பவில்லை. நம்பியது ஒரே ஒரு பையனை. அவனுக்கு எழுத்துத் தெரியாது என்பதுதான் அவனுடைய தகுதி. வாரியத்தில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் முடிந்ததும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். வேலை நடந்திருக்கிறது, ஏரியில் தண்ணீர் நின்றிருக்கிறது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குடத்துக்குள் பிரமதேயம் என்ற பிராமணர் ஊரின் நிலக்கார ஆண்கள் பெயர் மட்டும்தான் விழுந்தது. நாற்று நட்டவர், ஏரியில் மண் சுமந்தவர், பெண்கள் ஆகியோரின் பெயரை எழுத ஓலையே நறுக்கவில்லை. நம்ம அண்ணாச்சியும் வெளியேதான் நின்றார். கழுதை ஏறவில்லை என்ற திருப்தியோடு தெற்கே திரும்பினார்.

அடுத்த மனு சென்னையில். 1687 டிசம்பர் 30 தேதியிட்ட பட்டயத்தால் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே ஒரு மாநகராட்சியை உண்டாக்கினார்கள். 1688 செப்டம்பர் 29இல் அது வேலையைத் தொடங்கியது. ஏன் உண்டாக்கினார்கள்? ஜனங்கள் வரி கட்ட மறுத்தார்கள். கம்பெனி முதலாளி ஜோசையா சைல்டு லண்டனில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டார். நாம் அதட்டி 6 பென்ஸ் கேட்டால் தர மாட்டார்கள். அவர்களே தங்களுக்கு வரி போட்டுக்கொள்ளும்படி விட்டால் 5 ஷில்லிங்கூடச் சிரித்துக்கொண்டே தருவார்கள். உள்ளாட்சித் தத்துவம் இவ்வளவுதான். இதற்குப் பிறகு வந்த தடித்த புத்தகங்களெல்லாம் இதற்கு எழுதிய உரை.

மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். அவரோடு 12 ஆல்டர்மேன்கள். சின்ன வெங்கடாத்திரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை என்ற நம்ம ஆட்களும் அதில் உண்டு. தேர்தல் கீர்தல் கிடையாது, பட்டயத்திலேயே பெயர் அச்சாகி வந்துவிட்டது. மேயருக்குச் சிவப்பு அங்கி, வெள்ளிச் செங்கோல். வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு போகும் உரிமையும் பதவியோடு சேர்த்து எழுதிக் கொடுத்தார்கள். குடைக்கு உத்தரவு வேண்டியிருந்த காலம். இவ்வளவு அலங்காரமும் செய்து வரி கேட்டால், ஜனங்கள் குடையைப் பார்த்து ரசித்தார்கள், வரியை மட்டும் கட்டவில்லை. சைல்டின் 5 ஷில்லிங் லண்டனிலேயே இருந்துவிட்டது.

இந்தக் காலமெல்லாம் சிவகிரியில் என்ன நடந்தது? அங்கே பாளையம். தேர்தல் வேண்டாத ஊர். பாளையக்காரருக்கு மகன் பிறந்தால் தேர்தல் முடிந்தது. ஆனால் மகன் அவசரப்பட்டால் தகராறு. 1799இல் சிவகிரிப் பாளையக்காரரும் அவர் மகனும் முட்டிக்கொண்டார்கள். மகன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனான். கட்டபொம்மன் ஆட்கள் அவனோடு சேர்ந்து சிவகிரிச் சீமைக்குள் புகுந்தார்கள். அப்பா கம்பெனியின் ஆள். ஆகவே இதையும் கணக்கில் எழுதிக்கொண்டுதான் மேஜர் பானர்மென் படையோடு கிளம்பினார். அக்டோபர் 16இல் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்கு என்ன நடந்தது என்பதைச் சிவாஜி கணேசன் நமக்குச் சொல்லியிருக்கிறார். அப்பனுக்கும் மகனுக்கும் நாற்காலிச் சண்டை வந்தால் மூன்றாவது வீட்டுக்காரன் கழுத்துக்குக் கயிறு வரும் என்பதை எங்கள் சீமை அன்றே பார்த்துவிட்டது. 1803இல் பாளையம் ஜமீன் ஆனது. அதற்குப் பிறகும் அண்ணாச்சி மனு போடலாம். ஜமீன் வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போட வேண்டும், அது வேட்புமனு ஆகாது.

ரிப்பன் பிரபு 1882இல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். இந்தியர்கள் தங்கள் தெருவைத் தாங்களே கூட்டிக்கொள்ளப் பழகட்டும், அது நல்ல அரசியல் பள்ளிக்கூடம் என்பது அவர் கருத்து. 1884இல் சென்னை மாகாணத்துக்குத் தல ஸ்தாபனச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, கீழே ஊர்களுக்கு யூனியன். பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது, பாடம் வீட்டுவரியில் ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் சேர யார் வேண்டுமானாலும் வரலாமா என்றால் அதுதான் இல்லை. வரி கட்டுகிறவருக்கு ஓட்டு, சொத்து உள்ளவருக்கு நாற்காலி. உத்திரமேரூரின் கால் வேலி, கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தது. இதே பள்ளிக்கூடத்தில் சேலம் நகராட்சித் தலைவராக ராஜாஜியும், ஈரோட்டில் பெரியாரும் பழகினார்கள். பின்னாளில் இருவரும் எதிரெதிர்த் திண்ணையில் உட்கார்ந்து அரசியல் செய்தார்கள். குப்பை வண்டிக் கணக்குப் பார்த்த கைகள் அவை என்பதை யாரும் நினைப்பதில்லை.

சொத்து இல்லாதவன் என்ன செய்வான்? அதற்கு விருதுநகரில் ஒரு விடை கிடைத்தது. 1936 நகராட்சித் தேர்தலில் காமராஜர் நிற்க வேண்டும். வரி கட்டுகிற ஆளாக இருக்க வேண்டும். அவர் பெயரில் சல்லிக்காசு சொத்துக் கிடையாது. முத்துராமலிங்கத் தேவர் ஒரு ஆட்டுக்குட்டியை வாங்கி, காமராஜர் பெயரில் அதற்கு வரி கட்டி, ரசீதைக் கையில் கொடுத்து நிற்க வைத்தார் என்று தென் மாவட்டங்களில் இன்றும் கதை சொல்வார்கள். பிற்பாடு இருவரும் அரசியலில் எந்த அளவுக்கு விலகிப் போனார்கள் என்பதை அறிந்தவர்கள் இந்தக் கதையை இன்னும் அழுத்திச் சொல்வார்கள். சொல்கிறவர் எந்தப் பக்கத்து ஆள் என்பதைப் பொறுத்து ஆடு பெரியதாகவும் சிறியதாகவும் ஆகும். எனக்குக் கவலை ஆட்டைப் பற்றித்தான். தமிழக வரலாற்றில் ஒரு முதலமைச்சரை உருவாக்கிவிட்டு, கடைசியில் அது என்ன ஆனது என்று எந்தப் பக்கத்தாரும் சொல்வதில்லை.

கழுதை ஒருவரைத் தகுதி இழக்க வைத்தது, ஆடு ஒருவருக்குத் தகுதி கொடுத்தது. நடுவே ஆயிரம் வருடம்.

அந்தக் காமராஜர் 1941இல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்தார், நாற்காலியைப் பார்த்தார், முழுநேரமும் கவனிக்க முடியாத பதவி எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இதைச் சிவகிரி டீக்கடையில் சொன்னால் ஒருவரும் நம்ப மாட்டார்கள். "வேற பெரிய பதவி கிடைக்கும்னு தெரிஞ்சிருக்கும் வே" என்பார்கள்.

1948 சட்டத்தில் ஜமீன்கள் ஒழிந்தன. சிவகிரி ஜமீனும் போயிற்று. எல்லாருக்கும் ஓட்டு என்றும் வந்தது. அப்பாடா, இனி நம்ம அண்ணாச்சி நிற்கலாம் என்று பார்த்தால், இப்போது தேர்தலையே காணோம். 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986இல். அதற்கடுத்தது 1996இல். தலைநகரம் இதைவிட மோசம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் வெளிவந்து சென்னை மாமன்றத்தைக் கலைத்தார்கள். வேலைக்கு வராத ஆட்களுக்குச் சம்பளம் எழுதிய கணக்கு அது. கலைத்தது கலைத்ததுதான், மறுபடி மாமன்றம் கூட 1996 ஆயிற்று. கணக்குக் காட்டாதவனுக்கும் அவன் மாமன் மச்சானுக்கும் சோழர்கள் தடை போட்டார்கள் என்றால், நம் ஆட்கள் அந்த ஊர் முழுவதற்கும் 23 வருடம் தடை போட்டுவிட்டார்கள்.

1992இல் அரசியல் சட்டத்தை 73, 74 என்று இரண்டு தடவை திருத்தி, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்றார்கள். பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகைக் கணக்கில் இடம். 1996இல் தமிழ்நாட்டில் அதன்படி தேர்தல் வந்தது. குடத்துக்குள் போகாத ஓலைகள் முதல்முறையாக உள்ளே போயின. அதற்குச் சில ஊர்கள் என்ன செய்தன என்பதைச் சொல்லும்போது எனக்குக் கிண்டல் வரவில்லை. மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனை 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள்; அவரோடு இன்னும் ஐந்து பேர். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் பத்து வருடம் தேர்தலை நடக்கவிடவில்லை. நடந்தால் ஜெயித்தவரை ஜெயித்த கையோடு ராஜினாமா எழுத வைத்தார்கள். 2006இல்தான் அங்கே தலைவர்கள் பதவியில் உட்கார்ந்தார்கள். ஆயிரம் வருடத்துக் குடவோலைப் பெருமை பேசுகிற மேடைகளில் இந்த ஊர்ப் பெயர்களையும் ஒருமுறை வாசிக்கலாம்.

நம்ம அண்ணாச்சி கடைசியில் உண்மையாகவே மனு போட்டது 2016இல். அக்டோபர் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவித்தார்கள். மனுத்தாக்கலுக்கு அக்டோபர் 3 கடைசி நாள். நல்ல நேரம் பார்த்து, பாலசுப்பிரமணிய சுவாமி மலைக்கோயில் படியேறி வேண்டிக்கொண்டு, சொந்தக்காரர் பத்துப் பேரோடு போய் மனு கொடுத்துவிட்டு வந்தார். வந்தவர்களுக்குப் புரோட்டா. பின்னிரவுவரை யார் யார் நம்ம ஓட்டு என்று வாக்காளர் பட்டியலில் டிக் அடித்தார்கள். மறுநாள், அக்டோபர் 4, உயர் நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்துவிட்டது. இடஒதுக்கீட்டு அறிவிப்பில் குளறுபடி.

"அண்ணாச்சி, டிவில சொல்லுதான், எலெக்சன் கிடையாதாம்."

"எந்த வார்டுக்கு?"

"மொத்தமாவே கிடையாதாம்."

மேற்படி புரோட்டாவுக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அதற்குப் பிறகு பேரூராட்சியைத் தனி அலுவலர் பார்த்துக்கொண்டார். ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து வருடம். நடுவில் 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. மாவட்டம் பிரிந்தால் வார்டு பிரிக்க வேண்டும். ஆகவே அந்த டிசம்பரில் மற்றப் பல மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் நடந்தபோது நாங்கள் டிவியில் பார்த்தோம். எங்கள் பக்கத்து ஊராட்சிகளுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. பேரூராட்சிகளுக்கு 2022 பிப்ரவரி 19.

அந்த 2021 தேர்தலை உத்திரமேரூர் மத்தியஸ்தன் பார்த்திருந்தால் கையிலிருந்த ஓலையைக் கீழே போட்டிருப்பான். தென்காசி மாவட்டம் வெங்கடாம்பட்டியில் 21 வயதுப் பட்டதாரிப் பெண் சாருகலா ஊராட்சித் தலைவர். திருநெல்வேலி மாவட்டம் சிவந்திபட்டியில் 90 வயதுப் பாட்டி பெருமாத்தாள் தலைவர். 35க்கு மேல், 70க்குக் கீழ் என்று உளி தேயத் தேய வெட்டியதெல்லாம் ஒரே மாதத்தில் இரண்டு முனையிலும் உடைந்தது. கோவைப் பக்கம் குருடம்பாளையத்தில் வார்டு உறுப்பினருக்கு நின்ற ஒருவருக்கோ மொத்தம் விழுந்தது 1 ஓட்டு. அவருக்கும் வீட்டாருக்கும் ஓட்டு வேறு வார்டில். ஊர் உலகமெல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்தது. நான் அந்த ஒரு ஓட்டுப் போட்டவரைத்தான் நினைத்துக்கொண்டேன். உறவுமில்லை, கூட்டமுமில்லை, யாரோ ஒரு புண்ணியவான் கொள்கைக்காகவே குத்தியிருக்கிறார்.

2022இல் அண்ணாச்சி மறுபடி தயார். பேரூராட்சி வார்டுக்கு டெபாசிட் 1,000 ரூபாய். கட்ட முடியாத தொகை இல்லை. பட்டியல் வந்தது. அவருடைய வார்டு பெண்களுக்கு. மூன்றில் ஒன்றாயிருந்த பெண்கள் பங்கு இப்போது பாதியாக உயர்ந்திருந்தது. ஆறு வருடமாகத் தேய்த்து மடித்து வைத்திருந்த வெள்ளை வேட்டியைப் பார்த்தார், அடுப்படியைப் பார்த்தார். அன்று சாயந்தரமே அவர் மனைவி, நமக்கு மதினி, அவருடைய போட்டோவுக்கு ஸ்டுடியோவில் அலங்காரம் நடந்தது. போஸ்டரில் மதினி ரேஷன் கார்டு அளவு, பக்கத்தில் கைகூப்பி நிற்கிற அண்ணாச்சி ஆளுயரம். வீடு வீடாகப் போனபோது பேசியதெல்லாம் அவர்தான். மதினி பின்னால் கும்பிட்டபடி வந்து, அந்தந்த வீட்டுப் பெண்களிடம் குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஆரத்தித் தட்டில் 100 போடலாமா, 200 போடலாமா என்று தெருமுனையில் நின்று விவாதம் வேறு. ஜெயித்தது மதினி. மாலை விழுந்தது அண்ணாச்சிக்கு.

அதே தேர்தலில் பக்கத்துச் சங்கரன்கோவில் நகராட்சியில் நடந்ததைத்தான் பராந்தக சோழன் கேட்டிருக்க வேண்டும். 30 கவுன்சிலர்கள். தலைவரை அவர்கள் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். மார்ச் 4 அன்று எண்ணிப் பார்த்தால் திமுக வேட்பாளருக்கு 15, அதிமுக வேட்பாளருக்கு 15. அறை பூட்டி ஓட்டுப் போட்டாயிற்று, பேரம் பேச வேண்டியவர்கள் பேசியாயிற்று, இனி என்ன செய்வது? சட்டம் சொன்னது, சீட்டெழுதிக் குலுக்கு. குலுக்கினார்கள். திமுகவுக்கு விழுந்தது. ஓட்டுரிமைக்காக உலகம் இருநூறு வருடம் போராடி, இயந்திரம் கண்டுபிடித்து, விரலில் மை வைத்து, கடைசியில் சங்கரன்கோவிலில் பழைய குடத்துக்கே வந்து நின்றது. ஓலைக்குப் பதில் காகிதம், அவ்வளவுதான் முன்னேற்றம். எடுத்தவர் விரலை விரித்துத்தான் எடுத்தாரா என்று நான் விசாரிக்கவில்லை. 2025 ஜூலையில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து, சீட்டு கொடுத்த நாற்காலியைக் கவுன்சிலர்கள் ஓட்டு எடுத்துக்கொண்டது.

சிவகிரியில் மதினியின் பதவிக்காலம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் ஆறு மாதம் கூட்டத்துக்கு அண்ணாச்சி கூடவே போனார். வாசலில் நிறுத்திவிட்டார்கள், வராந்தாப் பெஞ்சில் மற்ற கவுன்சிலர் புருஷன்மாரோடு உட்கார்ந்து அங்கே தனியாக ஒரு கவுன்சில் நடத்தினார். உள்ளே மதினி வாறுகால் அடைப்புக்கும், மேட்டுத்தெருக் குழாய்க்கும் தீர்மானம் போட வைத்துக்கொண்டு வருவார். 2023இல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் மதிப்பூதியம் என்று அரசு அறிவித்ததும், அது மதினியின் பாஸ்புக்கில் நேராக விழும் என்பதை அண்ணாச்சி கொஞ்சம் தாமதமாகத்தான் உணர்ந்தார். ஒன்றிரண்டு மாதம் புரோட்டாக் கடைப் பாக்கியைப் பற்றிக் கோடிகாட்டிப் பார்த்தார். பலன் இல்லை.

போன வாரம் டீக்கடையில் பேச்சு வந்தது. 2027இல் இந்தப் பதவிக்காலம் முடிகிறது, அடுத்த தேர்தலில் வார்டு பொதுவாக மாறும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அண்ணாச்சி வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து வெள்ளை வேட்டியை எடுத்து உதறினார்.

"எதுக்கு அது?" என்றார் மதினி.

"வார்டு பொதுவா வருதாம். இந்தத் தடவ நான் நிக்கலாம்னு."

"பொது வார்டுன்னா பொம்பளையும் நிக்கலாம், தெரியும்லா?" மதினி பேரூராட்சி நிகழ்ச்சி நிரலைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "நானும் நிக்கேன். நீங்க நிக்கதா இருந்தா நில்லுங்க. போஸ்டருக்கு மட்டும் வேற ஸ்டுடியோ பாத்துக்கிடுங்க."